விலக்கின் விலை: நெருக்கடிக் காலத்தில் வேலை செய்யும் மாணவர்களும் ஜெர்மனியின் பாதுகாப்புச் சட்டங்களும்

1. பொருளும் கேள்வியும்

ஜெர்மனியில் உயர்கல்வி பயில்வோரில் பெரும்பாலோர் படிப்போடு வேலையும் பார்க்கிறார்கள். 2016 கோடைப் பருவத்தில் நடந்த 21ஆவது தேசிய மாணவர் சமூக ஆய்வு, மாணவர்களில் 68 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வேலையில் இருந்ததைப் பதிவு செய்தது. பெருந்தொற்றுக்கு இடையே, 2021 கோடையில் நடந்த 22ஆவது ஆய்வில் இந்த விகிதம் 63ஆகக் குறைந்திருந்தது. பெற்றோர் வீட்டிலிருந்து வெளியேறித் தனியே தங்கி முழுநேரம் படிக்கும் மாணவரின் மாத வருவாய் 2016இல் சராசரியாக 918 யூரோ. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சொந்த உழைப்பில் வந்தது. வேலையே பார்க்காதவர்களும் இந்தச் சராசரியில் அடக்கம். ஆகவே வேலையை நம்பியே வாடகை கட்டுபவர்களின் வருவாயில் உழைப்பின் பங்கு இதைவிட மிக அதிகம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது இந்த வருவாய் பலருக்குச் சில நாட்களில் நின்றுபோனது. வேலையிழப்பைத் தடுப்பதில் உலகுக்கே முன்மாதிரி என்று பேசப்படும் ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ எனும் குறுநேரப் பணித் திட்டம் அதே வாரங்களில் ஜெர்மனியில் முழு வேகத்தில் செயல்பட்டது. ஆலையோ கடையோ வேலை நேரத்தைக் குறைத்தால், தொழிலாளி இழக்கும் நிகர ஊதியத்தில் 60 சதவீதத்தை அரசின் வேலைவாய்ப்பு முகமை ஈடுகட்டும். குழந்தை உள்ளவர்களுக்கு 67 சதவீதம். 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் இத்திட்டத்தில் இருந்தனர். ஊதிய இழப்பு நீடித்தால் ஈட்டுத்தொகை நான்காம் மாதம் முதல் 70, ஏழாம் மாதம் முதல் 80 சதவீதமாக உயரும் என்று அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது.

ஒரே உணவகத்தில், ஒரே ஊரடங்கில், முழுநேரச் சமையலருக்கு ஈட்டுத்தொகை கிடைத்தது; பரிமாறிய மாணவருக்குக் கிடைக்கவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. மாணவர் வேலை நிலையற்றது, நெருக்கடியில் அது முதலில் போவது இயற்கை என்பது பரவலான விளக்கம். சான்றுகளோ வேறு முடிவுக்கு இட்டுச்செல்கின்றன. நல்ல காலத்தில் மாணவர் உழைப்பை மலிவாக்குவதற்காக அளிக்கப்பட்ட காப்பீட்டு விலக்குகளே, கெட்ட காலத்தில் அவர்களைப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தின. நோய்த்தொற்று அந்தப் பள்ளத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பள்ளத்தில் மாணவர்களைத் தள்ளியது.

2. மாணவர் வேலையின் வகைகளும் அவற்றின் சட்டநிலையும்

ஜெர்மானியப் பல்கலைக்கழக மாணவர் பார்க்கும் வேலைகளை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது ‘மினிஜாப்’. மாத ஊதியம் ஒரு வரம்பைத் தாண்டாத சிறுவேலை இது. 2013 முதல் 450 யூரோவாக இருந்த அந்த வரம்பு 2022 அக்டோபரில் 520ஆக உயர்ந்தது. அப்போதிருந்து அது குறைந்தபட்சக் கூலியோடு பிணைக்கப்பட்டுள்ளதால், கூலி ஏறும்போதெல்லாம் தானும் ஏறுகிறது. முதலாளி ஒரு மொத்த விகிதத்தில் கட்டணம் செலுத்துகிறார். வேலையிழப்புக் காப்பீடு இதில் கிடையாது.

இரண்டாவது ‘வேர்க்ஸ்டுடென்ட்’ எனும் பணிமாணவர் நிலை. பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்குள் வேலை செய்பவர், ஊதியம் எவ்வளவாக இருந்தாலும், வேலைவழி மருத்துவக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு, வேலையிழப்புக் காப்பீடு ஆகிய மூன்றிலிருந்தும் விலக்குப் பெறுகிறார். ஓய்வூதியக் காப்பீட்டுக்கு மட்டும் அவரும் முதலாளியும் கட்டணம் செலுத்துகின்றனர். மென்பொருள் நிறுவனங்கள், பொறியியல் ஆலைகள், வங்கிகள் ஆகியவை மாணவர்களை இந்த வகையிலேயே அதிகம் அமர்த்துகின்றன.

மூன்றாவது குறுகியகால வேலை. பொதுவாக ஆண்டில் மூன்று மாதம் அல்லது 70 வேலை நாட்களுக்கு மிகாத வேலைக்கு எந்தச் சமூகக் காப்பீட்டுக் கட்டணமும் இல்லை. அறுவடை, வணிகக் கண்காட்சி, திருவிழாக் கடை போன்றவை இதில் அடங்கும்.

நான்காவது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கிடைக்கும் மாணவர் உதவியாளர் வேலை. ஆய்வகம், நூலகம், பயிற்சி வகுப்பு ஆகியவற்றில் பல்லாயிரம் பேர் இப்படி வேலை செய்கின்றனர். நெருக்கடி வந்த காலத்தில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு மட்டுமே போடப்பட்டது. பருவம் முடிந்ததும் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது பேராசிரியரின் நிதியையும் விருப்பத்தையும் பொறுத்தது.

தொழிலாளர் சட்டத்தின் பார்வையில் இந்த நான்கு வகையினரும் முழுத் தொழிலாளர்களே. ஊதியத்தோடு விடுப்பு, நோய்க்கால ஊதியம், குறைந்தபட்சக் கூலி, வேலைநீக்க முன்னறிவிப்பு ஆகிய எல்லா உரிமைகளும் அவர்களுக்கு உண்டு. பகுதிநேரத்தவரை முழுநேரத்தவரைவிடத் தாழ்வாக நடத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. சமூகக் காப்பீட்டுச் சட்டத்தின் பார்வையில் இவர்கள் முதன்மையாக மாணவர்கள். வேலை இடையில் வந்து சேர்ந்தது. ஒரே மனிதர் ஒரு சட்டத்தில் தொழிலாளி, இன்னொரு சட்டத்தில் மாணவர் என்ற இந்த இரட்டை நிலையை நெருக்கடி வெளிக்கொண்டுவந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் பணவீக்கம் நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பை அழித்தபோதுதான் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்துப் படிக்கும் மாணவர் பெருந்தொகையினராயினர். இன்றைய மாணவர் நலச் சேவை அமைப்புகளின் மூல அமைப்பும் 1921இல் அந்தச் சூழலில்தான் உருவானது. பணிமாணவர் என்ற சமூக வகையே நெருக்கடியில் பிறந்தது. ஆனால் பின்னர் வளர்ந்த காப்பீட்டுச் சட்டங்கள், படிப்பை வாழ்வின் மையமாகவும் வேலையைக் கைச்செலவுக்கான துணையாகவும் கொண்டு விலக்குகளை வகுத்தன.

3. 2020 வசந்தம்: முதல் தடுப்பு உடைந்தது

உணவகம், விடுதி, திரையரங்கு, இசை நிகழ்ச்சி, கண்காட்சி ஆகியவை மாணவர்களை அதிகம் அமர்த்தும் துறைகள். ஊரடங்கு முதலில் மூடியதும் இவற்றையே. 2020 ஜூன் இறுதியில், முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 8,50,000 மினிஜாப்கள் குறைந்திருந்ததாகப் பெர்லினில் இயங்கும் ஜெர்மன் பொருளாதார ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. இது சுமார் 12 சதவீத வீழ்ச்சி. மினிஜாப்பில் இருப்பவர்களில் இல்லத்தரசிகள், ஓய்வூதியர், வேறு வேலையோடு கூடுதலாக இதைப் பார்ப்பவர்கள் எனப் பலர் உண்டு. மாணவர்கள் அவர்களில் ஒரு பெரும் பிரிவினர்.

குறுநேரப் பணி ஈட்டுத்தொகைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: வேலை, வேலையிழப்புக் காப்பீட்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மினிஜாப்பும் பணிமாணவர் வேலையும் அந்தக் காப்பீட்டிலிருந்து விலக்கப்பட்டவை. எனவே வாசலிலேயே கதவு மூடப்பட்டது. வேலை முற்றிலும் போய்விட்டால் கிடைக்கும் வேலையிழப்பு உதவித்தொகைக்கும் இதே நிலை. கூடுதலாக, மாணவர் காப்பீட்டுக்கு உட்படாத வேலையை மட்டுமே செய்யக்கூடியவர் என்ற ஊகத்தோடு சட்டம் தொடங்குவதால், வேறு வழியில் காப்பீடு கட்டியிருந்தவரும் வேலைக்குத் தயாராக இருப்பதை நிறுவ வேண்டியிருந்தது.

காப்பீடு இல்லாவிட்டாலும் முதலாளி ஊதியம் தர வேண்டாமா என்ற கேள்வி நீதிமன்றம் சென்றது. பிரேமன் நகரில் தையல் இயந்திரக் கடையொன்றில் மாதம் 432 யூரோவுக்கு மினிஜாப் பார்த்த பெண் ஒருவர், அரசாணையால் கடை மூடியிருந்த 2020 ஏப்ரல் மாத ஊதியத்தைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். தொழில் நடத்துவதன் இடர் முதலாளியையே சாரும் என்ற பழைய கோட்பாட்டின்படி கீழ் நீதிமன்றங்கள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2021 அக்டோபர் 13 அன்று அதை மாற்றியது. மக்கள் அனைவரையும் காக்க அரசு பரவலாகக் கடைகளை மூடும்போது அது ஒரு முதலாளியின் தொழில் இடர் ஆகாது. தேவையானால் இழப்பை ஈடுகட்டுவது அரசின் பொறுப்பு. மினிஜாப் பார்ப்பவருக்கு ஈட்டுத்தொகை கிடைக்காதது சமூகக் காப்பீட்டு அமைப்பில் உள்ள இடைவெளி. அந்த இடைவெளியைக் காட்டி முதலாளி மீது கடமையைச் சுமத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கு மாணவர்களைப் பற்றியது அல்ல. ஆனால் மினிஜாப்பில் இருந்த ஒவ்வொரு மாணவரின் நிலையையும் இது வரையறுத்தது. பாதுகாப்பின்மைக்குக் காரணம் சட்டத்தின் கட்டமைப்பே என்பதை நாட்டின் உயர்ந்த தொழிலாளர் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்ற வகையில், இக்கேள்விக்கான மிக வலுவான சான்றாகவும் இது அமைகிறது.

நீதிமன்றம் வரை போகாத இழப்புகளே மிகுதி. அழைக்கும்போது வரும் வேலையில் முதலாளி யாரையும் நீக்க வேண்டியதில்லை. அடுத்த வார அட்டவணையில் பெயரைச் சேர்க்காவிட்டால் போதும். வார நேரம் ஒப்பந்தத்தில் குறிப்பிடப்படாவிட்டால் 20 மணி நேரம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருத வேண்டும் என்று 2019 முதல் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை அறிந்து, எழுத்தில் கேட்டு, மறுத்தால் வழக்குத் தொடுக்கும் நிலையில் பெரும்பாலான மாணவர்கள் இல்லை. காரணமின்றி வேலைநீக்கம் செய்வதைத் தடுக்கும் சட்டமும், ஆறு மாதம் பணியாற்றியவருக்கு, பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் மட்டுமே பொருந்தும். மாணவர் வேலை செய்யும் சிறு உணவகங்கள் பல இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

இதே வசந்தத்தில் சட்டம் இன்னொரு திசையிலும் நகர்ந்தது. அறுவடைக்கு ஆள் கிடைக்காது என்ற அச்சத்தில், காப்பீட்டுக் கட்டணமற்ற குறுகியகால வேலையின் வரம்பு 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை ஐந்து மாதம், 115 நாள் என நீட்டப்பட்டது. அத்தியாவசியத் துறைகளில் மாணவர் ஈட்டும் கூடுதல் வருவாயைப் படிப்புதவிக் கணக்கில் கழிக்க வேண்டாம் என்றும் முடிவானது. மாணவர் உழைப்பு தேவைப்பட்ட இடத்துக்கு அதை நகர்த்தும் விதிகள் சில வாரங்களில் மாறின. வேலையை இழந்த மாணவரைக் காக்கும் விதி மாறவில்லை.

4. இரண்டாம் தடுப்பு: படிப்புதவியும் இடைக்கால உதவியும்

காப்பீடு கைவிட்டால் அடிப்படை வாழ்வாதார உதவி இருக்கிறது என்பது ஜெர்மன் சமூக அரசின் பொது விதி. அங்கேயும் மாணவருக்குத் தனி விலக்கு உண்டு. படிப்புதவிச் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடிய படிப்பைப் படிப்பவருக்கு அடிப்படை உதவி பொதுவாக மறுக்கப்படுகிறது. படிப்புக் காலச் செலவை 1971இல் வந்த ‘பாஃபெக்’ எனும் படிப்புதவிச் சட்டமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் நியாயம். இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. உண்மையில் படிப்புதவி பெறுகிறாரா என்று அடிப்படை உதவிச் சட்டம் பார்ப்பதில்லை. அவர் படிக்கும் படிப்பு அந்த வகையைச் சேர்ந்ததா என்பதையே பார்க்கிறது. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் பாஃபெக் பெற்றவர்கள் மாணவரில் ஏறத்தாழ எட்டில் ஒருவரே. பெற்றோர் வருவாய் வரம்பைச் சற்றே தாண்டியவர், பாடத்தை மாற்றியவர், குறித்த காலத்துக்குள் படிப்பை முடிக்காதவர் ஆகியோர் படிப்புதவியையும் இழந்து அடிப்படை உதவியையும் பெற முடியாமல் நின்றனர். இவர்களே வேலையை அதிகம் நம்பியிருந்தவர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவருக்கு இன்னும் குறுகலான இடமே இருந்தது. அவர்கள் அன்றைய விதிப்படி ஆண்டுக்கு 120 முழுநாள் அல்லது 240 அரைநாள் மட்டுமே வேலை செய்யலாம். இந்த வரம்பு 2024 மார்ச்சில் 140, 280 என உயர்ந்தது. வதிவிட அனுமதிக்கு 2020இல் ஆண்டுக்கு 10,236 யூரோ கையிருப்பைக் காட்ட வேண்டியிருந்தது. வேலை போனால் வாடகையோடு அடுத்த ஆண்டு அனுமதியும் கேள்விக்குள்ளாகும். 2022-23 கல்வியாண்டு முதல் ஜெர்மனியின் வெளிநாட்டு மாணவரில் இந்தியரே மிகப் பெரிய குழு. அவர்களில் தமிழகத்துப் பொறியியல் பட்டதாரிகள் பலர் இருப்பதால், இது தமிழ்க் குடும்பங்களையும் நேரடியாகத் தொடும் விஷயம்.

அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் அன்யா கார்லிச்செக் இரண்டு வழிகளை முன்வைத்தார். முதலாவது கடன். அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ. வழங்கும் மாணவர் கடனுக்கு 2020 மே முதல் வட்டி நீக்கப்பட்டது; மாதம் அதிகபட்சம் 650 யூரோ. ஜூன் முதல் வெளிநாட்டு மாணவருக்கும் அது தற்காலிகமாகத் திறக்கப்பட்டது. வட்டி விலக்கு பலமுறை நீட்டிக்கப்பட்டு 2022 செப்டம்பரோடு முடிந்தது. அதன் பின் சந்தை வட்டி ஏறியபோது இக்கடனின் வட்டியும் ஏறி, 2023 இலையுதிர் காலத்தில் ஒன்பது சதவீதத்தைத் தொட்டது. வட்டியில்லாத உதவி என்று எண்ணி வாங்கியவர்கள், திருப்பிச் செலுத்தும் காலத்தில் மாறும் வட்டியைச் சுமந்தனர்.

இரண்டாவது, திருப்பித் தர வேண்டாத இடைக்கால உதவி. 2020 ஜூன் 16 முதல் இணையவழி விண்ணப்பம் பெறப்பட்டது. மாணவர் நலச் சேவை அமைப்புகள் பரிசீலித்து வழங்கின. வங்கிக் கணக்கில் 500 யூரோவுக்குக் குறைவாக இருப்பவருக்கு, இருப்பின் அளவைப் பொறுத்து மாதம் 100 முதல் 500 யூரோ. தொடக்க ஒதுக்கீடு 10 கோடி யூரோ. அக்டோபரில் நிறுத்தப்பட்டு, இரண்டாம் அலை வந்தபின் நவம்பரில் மீண்டும் தொடங்கி, 2021 செப்டம்பர் வரை நீடித்தது.

ஊரடங்கு மார்ச்சில் வந்தது; உதவி ஜூனில் வந்தது. இடையில் மூன்று மாத வாடகை கட்டியாக வேண்டியிருந்தது. தொகையும் போதவில்லை; மியூனிக்கிலோ பிராங்பர்ட்டிலோ ஒரு மாணவர் அறைக்கே அது பற்றாது. அனைத்திலும் கடுமையானது காரணத்தை நிறுவும் நிபந்தனை. வறுமை பெருந்தொற்றால் வந்தது என்று காட்ட வேண்டும். ஏற்கெனவே இருந்த வறுமைக்கு இத்திட்டத்தில் இடமில்லை. மறுக்கப்பட்ட விண்ணப்பங்களில் கணிசமானவை, தேவை இருந்தும் அது பெருந்தொற்றால் விளைந்ததல்ல என்ற காரணத்தால் மறுக்கப்பட்டவை என்று மாணவர் நலச் சேவை அமைப்புகளே கூறின. நெருக்கடிக்கு முன்பிருந்த வறுமையை இத்திட்டம் தற்செயலாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது; ஆனால் அதைப் போக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

5. எதிர்வாதங்களின் வலிமை

விலக்குகளை ஆதரிப்பவர்கள் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர்.

ஒன்று, கட்டணம் கட்டாதவருக்குக் காப்பீடு பயன் தர முடியாது என்பது. காப்பீட்டுக் கொள்கை என்ற அளவில் இது சரியானதே. ஆனால் விலக்கு மாணவர் விரும்பித் தேர்ந்தெடுத்தது அல்ல, சட்டம் விதித்தது. கட்ட விரும்பும் பணிமாணவருக்கும் அதற்கு வழி இல்லை. தேர்வு இல்லாத இடத்தில் பொறுப்பை மட்டும் அவர் மீது வைப்பது நியாயமாகாது.

இரண்டு, விலக்கால் மாணவரின் கையில் கூடுதல் ஊதியம் நிற்கிறது என்பது. இந்த வாதம் காப்பீடுகளை ஒன்றாகக் குவித்துப் பேசுவதால்தான் வலுவாகத் தோன்றுகிறது. சேமிப்பின் பெரும்பகுதி மருத்துவக் காப்பீட்டு விலக்கிலிருந்து வருகிறது. அதற்கு ஈடாக மாணவருக்கெனக் குறைந்த கட்டணத்தில் தனி மருத்துவக் காப்பீடு 1975 முதல் இருக்கிறது. வேலையிழப்புக் காப்பீட்டின் கணக்கே வேறு. 2020இல் அதன் கட்டணம் ஊதியத்தில் 2.4 சதவீதம், பாதி தொழிலாளி, பாதி முதலாளி. மாதம் 900 யூரோ ஈட்டும் பணிமாணவர் இதனால் சேமித்தது மாதம் 10 யூரோ 80 சென்ட். காப்பீட்டுக்குள் இருந்து, வேலை முழுவதும் நின்றிருந்தால், அவருக்கு மாதம் 400 யூரோவுக்கு மேல் ஈட்டுத்தொகை கிடைத்திருக்கும். மூன்றாண்டுச் சேமிப்பைக் கூட்டினாலும் ஒரு மாத ஈட்டுத்தொகைக்கு எட்டாது. இன்னொன்றும் உண்டு: முதலாளியும் அதே 10 யூரோ 80 சென்ட்டைச் சேமிக்கிறார், இழப்பில் மட்டும் அவருக்குப் பங்கில்லை.

மூன்று, மாணவருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள் என்பது. படிப்புதவிச் சட்டத்தின் அடித்தளமும் இதுவே. பொதுவான நெருக்கடியில் இந்த வாதம் தன் வலுவை இழக்கிறது. மாணவரின் உணவக வேலை போகும் அதே மாதத்தில் பெற்றோரின் கடை வருமானமும் போகலாம். பெற்றோரின் வருவாய் குறைந்ததைக் காட்டிப் பாஃபெக் தொகையைத் திருத்தக் கோர முடிந்தது. ஆனால் மாணவர் தன் சொந்த ஊதியத்தை இழந்ததை ஈடுகட்ட அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. கல்லூரி காணாத குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்க்கு வீட்டிலிருந்து வரும் பணம் குறைவு. அவர்களுக்கு இந்த வாதம் தொடக்கம் முதலே பொருந்துவதில்லை.

எதிர்த்தரப்பில் ஏற்க வேண்டிய உண்மையும் ஒன்று உண்டு. இழப்பு எல்லா மாணவர் மீதும் ஒரேபோல் விழவில்லை. மென்பொருள், ஆய்வு, அலுவலகப் பணிகளில் இருந்த பணிமாணவர் பலர் வீட்டிலிருந்தே வேலையைத் தொடர்ந்தனர். ஊரடங்குகள் தளர்ந்தபின் உணவகங்கள் ஆள் தேடி அலைந்தன. 68லிருந்து 63 என்ற வீழ்ச்சி பேரழிவு என்று சொல்லத்தக்கதன்று. ஆயினும் பாதுகாப்பு என்பது மொத்தச் சராசரிக்கு உரியதல்ல. இழந்த சிலருக்கு இழந்த மாதங்களில் கிடைக்க வேண்டியது. முழுநேரத் தொழிலாளரிலும் பெரும்பான்மையோர் வேலையை இழக்கவில்லை. அதற்காக அவர்களுக்குக் காப்பீடு வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை.

6. பிற நாடுகள் தரும் சான்று

மாணவரைக் காப்பது நிர்வாக அளவில் முடியாத காரியம் என்ற ஐயத்தைப் பிற நாடுகளின் அனுபவம் கொண்டு சோதிக்கலாம்.

ஜப்பானின் தொடக்கநிலை ஜெர்மனியை ஒத்தது. பகல்நேரக் கல்லூரி மாணவர் அங்கும் வேலைவாய்ப்புக் காப்பீட்டுக்கு வெளியே. ஆனால் 2020இல் காப்பீட்டில் சேராத பகுதிநேரத்தவருக்கும் விடுப்புக்கால ஊதியம் கொடுக்கும் முதலாளிக்கு அரசு தனி மானியம் வழங்கியது; மாணவரின் ‘அருபைட்டோ’ வேலையும் அதில் அடங்கியது. முதலாளி ஊதியம் கொடுக்காத சிறு நிறுவனங்களில், தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கும் வழியும் திறக்கப்பட்டது. பகுதிநேர வருவாயில் பாதிக்கு மேல் இழந்த மாணவருக்கு 1,00,000 யென், வரிவிலக்குக் குடும்பத்தவருக்கு 2,00,000 யென் எனத் தனி உதவியும் வந்தது. வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் உயர்ந்த மதிப்பெண் நிபந்தனை வைத்தது அத்திட்டத்தின் குறை. பசிக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பில்லை.

பிரிட்டன் 2020 மார்ச்சில் அறிவித்த திட்டம், சம்பளப் பட்டியலில் இருந்த எவருக்கும் ஊதியத்தில் 80 சதவீதத்தை மாதம் 2,500 பவுண்டு வரை தாங்கியது. நேர உறுதியற்ற ஒப்பந்தத்தினரும் மாணவரும் வெளிநாட்டவரும் அதில் சேரலாம். காப்பீட்டு வகையைக் கேளாமல் ஊதியப் பதிவை மட்டும் அது பார்த்தது. ஆனால் சேர்ப்பதும் விடுவதும் முதலாளியின் முடிவாக இருந்தது. விடப்பட்ட முழுநேர மாணவர் பொதுநல உதவிக்கும் பொதுவாகத் தகுதி பெறவில்லை.

கனடா மாணவருக்கெனத் தனி உதவியை உருவாக்கியது. 2020 மே முதல் ஆகஸ்டு வரை நான்கு வாரத்துக்கு 1,250 டாலர். கோடை வேலை கிடைக்காத மாணவரையும் இழப்பாளராக ஏற்றது இதன் சிறப்பு. வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்காதது இதன் எல்லை.

ஆஸ்திரேலியா எதிர்முனையில் நின்றது. இரு வாரத்துக்கு 1,500 டாலர் வழங்கிய ஊதிய மானியத்தில், ஒரே முதலாளியிடம் 12 மாதம் தொடர்ந்து வேலை செய்யாத தற்காலிகப் பணியாளர் விலக்கப்பட்டனர். தற்காலிக விசாவில் இருந்தோரும் ஏறக்குறைய முற்றிலும் விலக்கப்பட்டனர். மாணவர் வேலையின் இயல்பே அடிக்கடி மாறுவது. 12 மாத நிபந்தனை அவர்களைப் பெயர் சொல்லாமலே வெளியேற்றியது.

இந்நான்கையும் வைத்துப் பார்த்தால், காப்பீட்டு விலக்கு இருந்தும் மாணவரைக் காக்க முடியும் என்பதை ஜப்பானும், ஊதியப் பதிவே தகுதிச் சான்றாகப் போதும் என்பதைப் பிரிட்டனும் காட்டுகின்றன. ஜெர்மனியிலும் ஒவ்வொரு மினிஜாப்பும் ஒரு மைய அலுவலகத்தில் பதிவாகிறது. பணிமாணவரின் ஊதியம் ஓய்வூதியக் கணக்கில் பதிவாகிறது. தரவு இருந்தது. எடுக்கப்படாதது முடிவு மட்டுமே.

7. 2022க்குப் பிந்தைய மாற்றங்கள்

எரிசக்தி விலையேற்றம் இரண்டாம் சோதனையாக வந்தது. 2022 செப்டம்பரில் வேலையில் இருந்த அனைவருக்கும் அளிக்கப்பட்ட 300 யூரோ, மினிஜாப்பிலும் பணிமாணவர் வேலையிலும் இருந்தோருக்கும் கிடைத்தது. சம்பளப் பட்டியலின் வழியே உதவி மாணவரை எளிதாக எட்டும் என்பதற்கு இது உள்நாட்டுச் சான்று. வேலையில் இல்லாதவரையும் உள்ளடக்கி எல்லா மாணவருக்கும் அறிவிக்கப்பட்ட 200 யூரோவுக்கோ விண்ணப்பத் தளம் 2023 மார்ச் 15 அன்றுதான் திறந்தது. குளிர்காலம் அதற்குள் முடிந்துவிட்டது.

சட்டத்தில் வந்த முக்கிய மாற்றம் 2022 இலையுதிர் காலத்தில் பாஃபெக்கில் சேர்க்கப்பட்ட நெருக்கடிக்கால விதி. நாடு தழுவிய நெருக்கடி என்று நாடாளுமன்றம் அறிவித்து, அது மாணவர் பார்க்கும் பகுதிநேர வேலைச் சந்தையைப் பெரிதும் பாதித்தால், வழக்கமாகத் தகுதியற்ற மாணவருக்கும் படிப்புதவியைத் திறக்க அரசு ஆணையிடலாம். மாணவரின் வேலைச் சந்தையைத் தனியொரு பொருளாகச் சட்டம் ஏற்றது இதன் அடிப்படை முன்னேற்றம். ஆயினும் இது தானே இயங்கும் பாதுகாப்பு அல்ல. நாடாளுமன்றத்தின் அறிவிப்புக்கும் அரசின் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியது. எரிசக்தி நெருக்கடியில் இது பயன்படுத்தப்படவில்லை. ஒரு தொழில் துறையோ ஒரு நகரமோ மட்டும் பாதிக்கப்படும்போது இதைப் பயன்படுத்தவே முடியாது.

பல்கலைக்கழக உதவியாளர் வேலையில் மாற்றம் தொழிற்சங்கத்தின் வழியே வந்தது. பெர்லின் மாணவர் உதவியாளர்கள் 1980களின் வேலைநிறுத்தத்தால் தமக்கெனக் கூட்டு ஊதிய ஒப்பந்தம் பெற்று, 2018இல் மீண்டும் போராடிப் புதுப்பித்தனர். அந்த முன்மாதிரியைக் கொண்டு பிற மாநிலங்களிலும் இயக்கம் வளர்ந்தது. 2023 டிசம்பரில் மாநில அரசுகளோடு ஏற்பட்ட உடன்பாடு, மணிக் கூலியின் கீழ்வரம்பை 2024 கோடைப் பருவத்தில் 13.25 யூரோ, 2025இல் 13.98 யூரோ என நிர்ணயித்தது. ஒப்பந்தக் காலம் பொதுவாக 12 மாதமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. முழுமையான கூட்டு ஒப்பந்தம் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. ஆனாலும் நெருக்கடிப் பாதுகாப்பில் ஒப்பந்தக் காலத்தின் பங்கு பெரிது. ஒரு பருவ ஒப்பந்தம் நெருக்கடியின் நடுவே தானாகவே முடிந்துவிடும். யாரும் நீக்காமலே வேலை போய்விடும். ஓராண்டு ஒப்பந்தம் அந்த அதிர்ச்சியைத் தாங்க அவகாசம் தருகிறது.

8. முடிவுகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து நான்கு முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, மாணவரின் வேலைப் பாதுகாப்பைக் கல்வி உதவியின் ஒரு கிளையாக மட்டும் பார்ப்பது பிழை. இழந்தது ஊதியம், ஈடுகட்ட வேண்டியதும் ஊதியமே. கடனும் வங்கி இருப்பைச் சோதித்துத் தரும் உதவியும் ஊதியத்துக்கு மாற்றாகா.

இரண்டாவது, வேலையிழப்புக் காப்பீட்டு விலக்கை மருத்துவக் காப்பீட்டு விலக்கிலிருந்து பிரித்து நீக்கலாம். இதற்கு முன்னுதாரணம் உண்டு. பணிமாணவர் ஓய்வூதியக் காப்பீட்டிலிருந்தும் 1996 வரை விலக்கப்பட்டிருந்தனர். அந்த ஆண்டு அக்டோபரில் விலக்கு நீக்கப்பட்டது. மாணவர் வேலை அதனால் அழியவில்லை. இரு தரப்பும் 2020இன் விகிதப்படி 1.2 சதவீதம் செலுத்துவதால் அழியும் என்று எதிர்பார்க்கவும் காரணமில்லை.

மூன்றாவது, நெருக்கடி உதவி சம்பளப் பட்டியலின் வழியே தானாக இயங்க வேண்டும். மினிஜாப்புக்கு நிரந்தரக் காப்பீடு வராவிட்டாலும், அரசாணையால் வேலையிடம் மூடப்படும்போது பதிவிலுள்ள ஊதியத்தின் ஒரு பங்கை வழங்கும் விதியை முன்கூட்டியே இயற்றி வைக்க முடியும். 2021 தீர்ப்பு அரசின் பக்கம் கைகாட்டியிருப்பதும் இதைத்தான்.

நான்காவது, குடியுரிமையோ மதிப்பெண்ணோ நீண்டகாலப் பணியோ தகுதியாக வைக்கப்படும் இடத்தில், மிகவும் தேவைப்படுபவரே வெளியேறுகிறார். ஊதியத்தில் வரியும் ஓய்வூதியக் கட்டணமும் பிடிக்கப்படும்போது வெளிநாட்டு மாணவரை எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை; பாதுகாப்பிலும் பிரிக்கலாகாது.

உழைத்துப் படிப்பவர் ஜெர்மன் உயர்கல்வியில் விதிவிலக்கல்லர். மூவரில் இருவர் அவர். பெரும்பான்மையினரின் வாழ்க்கைமுறையைச் சட்டம் இன்னும் இடைக்கால ஏற்பாடாகவே நடத்துகிறது. இந்தக் கணிப்பைத் திருத்தாதவரை, அடுத்த நெருக்கடியிலும் உதவி தாமதமாகவே வரும். அதுவரை வாடகை கட்ட முடியாதவர்கள் படிப்பைக் கைவிடும் இடர் குறையாது.